நோகாத காலும் நோகும் வயிறும்

கிராமங்களில் பெண்களோடு கதைக்கும்போது இரண்டு வருத்தங்கள் மட்டும் எப்போதும் கடைசியிலேயே வெளியில் வருகின்றன. வீட்டுத்திட்டம், காணி உறுதி, நுண்கடன் தவணை, பிள்ளையின் படிப்பு, காணாமல் ஆக்கப்பட்டவர் பற்றிய பதிவு என்று எல்லாம் கதைத்து முடிந்து, நான் கொப்பியை மூடிக்கொண்டு எழும்பும் நேரத்தில் யாராவது ஒருவர் படலை வரைக்கும் கூட வந்து மெதுவாகச் சொல்லுவார். "கால் விறைச்சபடி கிடக்குது மிஸ், ஆனால் நோவொண்டும் இல்லை" என்பார் ஒருவர். இன்னொருவர், "சாப்பிட்டவுடனை வயித்தைப் பிரட்டிக்கொண்டு வருது. ஒரு நாளைக்கு நாலைஞ்சு தரம் போகவேணும். பஸ்ஸிலை ஏறவே பயமாக் கிடக்கு" என்பார்.

முதலாவது, பெரிய விடயமில்லை என்ற எண்ணத்தால் பிந்துகிறது. இரண்டாவது, வெட்கத்தால் பிந்துகிறது. நான் வைத்தியர் அல்லள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் குழுக்களோடு வேலை செய்பவள். ஆனாலும் இந்த இரண்டு வருத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எமது பெண்கள் தங்கள் உடம்பை எந்த அளவுகோலால் அளக்கிறார்கள் என்பது தெரிகிறது. நோவு கூடினால் ஆபத்து, நோவில்லாவிட்டால் சுகம். அந்த அளவுகோல் இந்த இரண்டு இடங்களிலும் பிழையாகிவிடுகிறது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு 2009இல் முழங்காலுக்குப் பின்பக்கத்தில் செல் துண்டு பட்டது. காயம் ஆறிவிட்டது. நடக்கிறார், தோட்டம் செய்கிறார். ஆனால் பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஒருநாள் அடுப்படியில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கொள்ளியிலிருந்து விழுந்த தணல் காலில் பட்டிருக்கிறது. அவருக்குத் தெரிந்தது மணத்தினால்தான். "என்னவோ கருகுது எண்டு பானையைத் திறந்து பாத்தன் மிஸ், கருகினது என்ரை கால்." இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தப் புண் ஆற நான்கு மாதம் எடுத்தது.

தோலில் உணர்ச்சி குறைவது எத்தனையோ காரணங்களால் வரலாம். செல் துண்டு அல்லது சன்னம் நரம்பை வெட்டியிருக்கலாம். சீனி வருத்தம் வருடக்கணக்கில் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் முதலில் கால்விரல்களிலிருந்து விறைப்புத் தொடங்கி மேலே ஏறும். தையல் மெஷினிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்யும் பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் விறைத்து நித்திரையைக் குழப்பும். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதால் வருவது அது. சிசேரியன் செய்த தழும்பைச் சுற்றி விறைப்பு இருப்பது சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை. பயமும் பதற்றமும் வரும்போது மூச்சு வேகமாக வாங்குவதால் வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் சிறிது நேரம் கூச்சமும் விறைப்பும் வருவதுண்டு. செல் சத்தத்துக்குள் வாழ்ந்தவர்களுக்கு வெடிச்சத்தம் கேட்டால் இப்போதும் இது வரும். மூச்சு ஆறுதலானதும் போய்விடும்.

தோலில் நிறம் மங்கிய அல்லது சிவந்த ஒரு படை இருந்து, அதிலே பஞ்சு பட்டாலும் தெரியவில்லை என்றால், அது தொழுநோயாக இருக்கலாம். இந்தச் சொல்லைக் கேட்டவுடன் மட்டக்களப்பில் வயதானவர்கள் வாவிக்கு நடுவிலுள்ள மாந்தீவைத்தான் நினைப்பார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இலங்கையில் 1983இலிருந்து இதற்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் குளிசை எடுத்தால் நோய் மாறும். மருந்து தொடங்கினால் மற்றவருக்குத் தொற்றுவதும் விரைவிலேயே நின்றுவிடும். தேசிய மட்டத்தில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோய் 1995இல் நீங்கியது. எனினும் அண்மைய ஆண்டுகளிலும் நாட்டில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளர் கண்டுபிடிக்கப்படுகிறார்கள்.

தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் உலகம் நீண்டகாலம் நம்பியது. அதைப் பொய்யாக்கியவர்களில் முக்கியமானவர் போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946இலிருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேலை செய்தார். அவருடைய நோயாளர் சிலருக்கு இரவில் படுக்கும்போது இருந்த விரலின் ஒரு பகுதி காலையில் இல்லாமல் போயிருந்தது. இரவிரவாகக் காவலிருந்து பார்த்தபோது எலி வந்து கடித்துக்கொண்டு போவது தெரிந்தது. நோவில்லாததால் நோயாளி விழிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் நோயாளர்களுக்கு அதன்பிறகு பூனை கொடுத்து அனுப்பினார்கள். சதையைத் தின்றது நோயல்ல. சூடான பாத்திரம், ஆணி, இறுக்கமான செருப்பு, எலி, இவைதான். நோவு என்ற காவல்காரன் இல்லாத வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் நடந்திருக்கிறது.

இனி வயிற்றுக்கு வருவோம். இங்கே கதை தலைகீழ்.

மாதக்கணக்காக, வருடக்கணக்காக வயிற்றுக்குத்து, பொருமல், ஒருநாள் வயிற்றோட்டம், மற்றநாள் மலச்சிக்கல். இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஸ்கான் செய்தாலும் ஒன்றுமில்லை. கமரா விட்டுப் பார்த்தாலும் குடல் சுத்தமாக இருக்கிறது. இப்படியானவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது எரிச்சலுறு குடல் எனப்படும் நிலை. வைத்தியர்கள் ஐ.பி.எஸ். என்று எழுதுவார்கள். மூன்று மாதமாக, கிழமைக்கு ஒரு நாளாவது வயிற்று நோவு இருந்து, அது மலம் கழிப்பதோடு சேர்ந்து கூடியோ குறைந்தோ வந்து, போகும் தடவையும் மலத்தின் தன்மையும் மாறியிருந்தால் அதைச் சந்தேகிப்பார்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம்.

குடலின் சுவரில் மட்டும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்புக் கலங்கள் இருக்கின்றன. அவை மூளையோடு ஓயாமல் கதைத்துக்கொண்டிருக்கின்றன. சாதாரணமாகக் குடலுக்குள் காற்று போனாலும் சாப்பாடு போனாலும் எமக்குத் தெரியாது. ஐ.பி.எஸ். உள்ளவருக்கு அந்தச் சின்னச் சமிக்ஞையெல்லாம் ஒலிபெருக்கி பூட்டியது போலப் பெரிதாகக் கேட்கும். 1973இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில், கீழ்க்குடலுக்குள் ஒரு சிறிய பலூனை விட்டு 60 மில்லிலீற்றர் அளவுக்கு ஊதிப் பார்த்தார்கள். சாதாரண ஆட்களில் 100க்கு 6 பேருக்குத்தான் நொந்தது. இந்த வருத்தம் உள்ளவர்களில் 100க்கு 55 பேருக்கு நொந்தது. பலூன் ஒன்றுதான், ஊதிய அளவும் ஒன்றுதான்.

ஆகவே "ஒண்டுமில்லை, எல்லாம் உங்கடை யோசினை" என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. நோவு உண்மையானது. காயம்தான் இல்லை. ஒரு வைத்தியசாலையில் அப்படிச் சொல்லி அனுப்பப்பட்ட ஒரு தங்கச்சி அதன்பிறகு மூன்று வருடம் வைத்தியரிடமே போகவில்லை. பஸ்ஸில் போகவேண்டிய நாளில் முதல்நாள் இரவிலிருந்தே சாப்பிடாமல் இருந்து பழகிக்கொண்டாள். உடம்பு மெலிந்தது. ஊரில் வேறு கதை கட்டினார்கள்.

எமது பெண்களுக்கு ஏன் இது இவ்வளவு அதிகமாக இருக்கிறது என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு. குடலில் தொற்று வந்து மாறியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அதன்பிறகு இந்த நிலை தங்கிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் கனடாவின் வோக்கர்ட்டன் என்ற சிறு நகரத்தில் குடிநீர் அசுத்தமாகி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது, ஆய்வாளர்கள் அவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து இதை உறுதிசெய்தார்கள். எங்களுடைய பெண்கள் பங்கருக்குள் என்ன தண்ணீர் குடித்தார்கள், 2009இல் செட்டிகுளம் முகாம்களில் எத்தனை பேருக்கு வயிற்றோட்டம் வந்தது என்பதை இங்கே நான் விபரிக்கத் தேவையில்லை. அதோடு பயங்கர அனுபவங்களால் மனம் காயப்பட்டவர்களிடம் இந்தக் குடல் நிலை கூடுதலாகக் காணப்படுகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. இன்னொன்றும் உண்டு. மலசலகூடத்துக்கு வரிசையில் நின்று, இருட்டில் போகப் பயந்து, அடக்கி அடக்கி வைத்திருந்த பழக்கம். வேலைத்தலத்தில் கேட்டுத்தான் போகவேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. அடக்குவது மலச்சிக்கலை முற்றச் செய்யும்.

எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963இல் சமூகக் களங்கம் பற்றி ஒரு நூல் எழுதினார். மற்றவர் கண்ணுக்குத் தெரியும் குறையோடு வாழ்பவரின் பாடு வேறு, மறைக்கக்கூடிய குறையோடு வாழ்பவரின் பாடு வேறு என்பது அதன் முக்கியமான கருத்துகளில் ஒன்று. மறைக்கக்கூடியவர் எந்த நேரமும் மறைப்பதற்கே உழைக்கவேண்டும். பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காகப் படித்த அந்த விடயம் எனக்கு விளங்கியது வேலைக்கு வந்தபிறகுதான். நான் நிரப்பிக் கொடுத்த மாற்றுத்திறனாளிகள் படிவங்களில் கை, கால், கண், காது எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. உணர்ச்சியில்லாத பாதத்துக்கும் அடங்காத குடலுக்கும் கட்டம் இருக்கவில்லை. "மற்றவை" என்ற இடத்தில் எழுதினேன்.

ஒன்றில் செய்தி வராமலே சேதம் நடக்கிறது. மற்றதில் சேதம் இல்லாமலே செய்தி வந்து குவிகிறது. இரண்டும் நரம்பின் காரியம்தான். முதலாவதில் நாங்கள் நோவுக்குப் பதிலாகக் கண்ணைப் பாவிக்கவேண்டும். இரண்டாவதில் நோவைக் கேட்டுப் பதறாமல், எப்போது பதறவேண்டும் என்பதை மட்டும் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

இரண்டும் ஒருவரிடமே இருந்தால்

இதுவரை இரண்டையும் வெவ்வேறாகப் பார்த்தோம். ஆனால் சில பெண்களுக்கு விறைப்பும் வயிற்றுக் குழப்பமும் சேர்ந்தே இருக்கும். விறைப்பை ஒரு கிளினிக்கிலும் வயிற்றை இன்னொரு இடத்திலும் சொல்லுவார்கள். இரண்டும் ஒரே காரணத்தால் வந்திருக்கலாம் என்பது அப்போது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

முக்கியமாக, செல் காயத்துக்காக வயிற்றில் சத்திரசிகிச்சை செய்து குடலின் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்ட பெண்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் விற்றமின் பி12 உடம்புக்குள் உறிஞ்சப்படுகிறது. அந்தப் பகுதி போயிருந்தால், ஈரலில் இருக்கும் சேமிப்பு சில வருடங்களுக்குத் தாக்குப்பிடிக்கும். பிறகு மெதுவாகக் கால் கை விறைப்பு, நடையில் தள்ளாட்டம், மறதி, இரத்தச்சோகை என்று தொடங்கும். சத்திரசிகிச்சை நடந்து அவ்வளவு காலம் போனபடியால் யாரும் அதோடு இதைத் தொடுத்துப் பார்ப்பதில்லை. அதே குடற்பகுதி இல்லாததால் பித்தநீர் திரும்ப உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் நீண்டகால வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். இவர்களுக்கு ஐ.பி.எஸ். என்று பெயர் வைத்து விட்டுவிடக் கூடாது. பி12 ஊசி இருக்கிறது. பித்தநீர் வயிற்றோட்டத்துக்கும் மருந்து இருக்கிறது. விறைப்பை நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் மீளலாம். பிந்தினால் நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடும்.

சீனி வருத்தமும் இரண்டையும் செய்யும். கால் நரம்பைக் கெடுப்பது போலவே குடல் நரம்பையும் கெடுத்து, இரவில் வயிற்றோட்டத்தையோ மலச்சிக்கலையோ கொண்டுவரும். அதற்குக் கொடுக்கும் மெற்போமின் குளிசையைப் பல வருடம் எடுப்பவர்களுக்குப் பி12 குறையலாம். குளிசையை நிறுத்த வேண்டாம், பி12ஐ ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மெற்றோனிடசோல் பற்றியும் சொல்லவேண்டும். வயிறு குழம்பினால் கடையில் வாங்கி விழுங்குவது எமது ஊர்களில் வழக்கமாகிவிட்டது. வைத்தியர் சொன்ன சில நாட்களுக்கு அது நல்ல மருந்து. கிழமைக்கணக்காக, மாதக்கணக்காகத் திரும்பத் திரும்ப எடுத்தால் அதுவே கால் கை நரம்பைப் பாதித்து விறைப்பை உண்டாக்கும். வயிற்றை மாற்ற எடுத்த குளிசை காலை விறைக்கச் செய்கிறது.

முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களைப் பராமரிக்கும் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் இந்த இரண்டும் ஒன்றாக இருப்பது நன்றாகவே தெரியும். உணர்ச்சியில்லாத தோலில் படுக்கைப்புண், கட்டுப்பாடில்லாத குடல். படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது, சக்கர நாற்காலியில் இருப்பவர் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை உடம்பைத் தூக்கி இறக்குவது, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் மலம் கழிக்கப் பழக்குவது, இவைதான் அடிப்படை. நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ காயப்பட்டவருக்குத் திடீரெனக் கடும் தலையிடி, வியர்வை, முகச்சிவப்பு வந்தால் அவரை நிமிர்த்தி இருத்துங்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று பார்த்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

முள்ளந்தண்டில் முன்பு காயம் இல்லாதவருக்கும் ஓர் அவசரம் உண்டு. நாரி நோவோடு, சைக்கிள் இருக்கையில் படும் இடம் முழுவதும் விறைத்து, சலமோ மலமோ போவது தெரியாமல் போனால் அல்லது சலம் கட்டினால், அன்றைக்கே போகவேண்டும். அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் இருக்கக் கூடாது.

கண்ணும் விரலும் போதும்

கால் உணர்ச்சியைப் பார்க்க இயந்திரம் வேண்டியதில்லை. இங்கிலாந்தின் இப்ஸ்விச் வைத்தியசாலையில் உருவாக்கிய ஓர் எளிய முறை இருக்கிறது. நாங்கள் பெண்கள் குழுக்களில் இதைச் செய்து பார்க்கிறோம், சிரிப்பும் பகிடியுமாக நடக்கும். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு படுக்கவேண்டும். மற்றவர் சுட்டுவிரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஓரிரு செக்கன் மட்டும் மெதுவாகத் தொடவேண்டும். அழுத்தக் கூடாது. இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். எந்தக் கால் என்று அவர் சொல்லவேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. அப்படியானவர் இரவு விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கவேண்டும். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம். செருப்பைப் போடமுன் தட்டிப் பார்க்கவேண்டும். வேப்பிலை அவித்த சுடுதண்ணீரில் காலை வைப்பதும் ஒத்தடமும் விறைத்த காலுக்குக் கூடாது, தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். கோயிலுக்கு நேர்த்தி வைத்து வெறுங்காலோடு நடப்பவர்களிடம், கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்களிடம், நான் நேர்த்தியை விடச் சொல்வதில்லை. வழியில் தங்கும் ஒவ்வோர் இடத்திலும் காலைத் திருப்பிப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

வயிற்றுக்கு எப்போது பதறவேண்டும்? மலத்தோடு இரத்தம் போனால், காரணமில்லாமல் மெலிந்தால், நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம் இருந்தால், காய்ச்சல் அல்லது இரத்தச்சோகை சேர்ந்தால், 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கினால், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தால். இவற்றில் ஒன்று இருந்தாலும் சோதனை வேண்டும். குடலில் உண்மையாகவே புண் உண்டாக்கும் அழற்சி நோய்களும் இருக்கின்றன. இவை ஒன்றும் இல்லாவிட்டால் நேரத்துக்குச் சாப்பிடுவது, தேநீரையும் செத்தல் மிளகாயையும் குறைப்பது, மலச்சிக்கல் உள்ளவருக்கு இசப்கோல் உமி, இப்படித் தொடங்கலாம். வெங்காயம், உள்ளி, கடலை, கோதுமை மா, பால் சிலருக்குக் காற்றைக் கூட்டும். ஒவ்வொன்றாக இரண்டு மூன்று கிழமை விட்டுப் பார்த்துத் திரும்பச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டால் பட்டினிதான் மிஞ்சும்.

சிலருக்கு வைத்தியர் அமிற்றிப்ரிலின் என்ற குளிசையைச் சிறிய அளவில் எழுதுவார். "அது மனநோய்க்காரருக்குக் குடுக்கிறது" என்று யாரோ சொல்ல, வீட்டுக்குக் கொண்டுவந்து எறிந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அதிக அளவில் அது மனச்சோர்வுக்கான மருந்துதான். சிறிய அளவில் நரம்பின் கூச்சலைத் தணிக்கும். 2023இல் இங்கிலாந்தில் ஐ.பி.எஸ். உள்ள 463 பேரிடம் செய்த பரிசோதனையில் அது நல்ல பலன் தந்தது. நரம்புச் சேதத்தால் வரும் கால் எரிவுக்கும் அதே குளிசையைத்தான் எழுதுகிறார்கள். மலச்சிக்கல் உள்ளவருக்கு அது சிக்கலைக் கூட்டலாம், அதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

வெளிநோயாளர் பிரிவில் கிடைக்கும் நேரம் கொஞ்சம். அதனால் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதிக்கொண்டு போகச் சொல்கிறேன். எங்கே விறைப்பு, எந்த மாதத்திலிருந்து, மேலே ஏறுகிறதா. ஒரு நாளைக்கு எத்தனை தரம் வயிற்றால் போகிறது, இரவில் எழும்பவேண்டியிருக்கிறதா, இரத்தம் உண்டா. என்ன குளிசைகள் எடுக்கிறீர்கள், கடையில் வாங்கியதையும் சேர்த்து. இரண்டு வருத்தத்தையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஆண் வைத்தியரிடம் வாயால் சொல்ல வெட்கமென்றால் அந்தப் பக்கத்தை நீட்டிவிடலாம். பலர் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர்களிடம் வைத்தியர் பழைய நோய் நிர்ணய அட்டையைக் கேட்பார். 2009 பெப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் புதுமாத்தளனிலிருந்து திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுபோகப்பட்டவர்கள் பலரிடம் அந்த அட்டை இப்போது இல்லை. அட்டை இல்லையென்று பேசாமல் இருக்க வேண்டாம். எந்த மாதம், எந்த ஊரில் வெட்டினார்கள், குடலை எடுத்ததாக யாராவது சொன்னார்களா, எத்தனை நாள் வெளியில் பை கட்டியிருந்தீர்கள் என்பதைச் சொல்லித் தழும்பைக் காட்டுங்கள். பி12 பார்க்கவேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.